உளப்பாட்டுத் தன்மை: நெருக்கடிக் காலக் கிறிஸ்தவ அன்றாடச் சிந்தனை உரைகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துக் கிறிஸ்தவத் தமிழிலக்கியத்தை ஆராய்ந்தோர் காப்பியம், அம்மானை, நாட்டுக்கூத்து, கீர்த்தனை, வேதாகம மொழிபெயர்ப்பு, ஆரம்பகாலப் பத்திரிகை என்பவற்றிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்தியுள்ளனர். இது இயல்பே. அளவாலும் காலத்தாலும் அவை தம்மை ஆய்வாளருக்கு எளிதில் இனங்காட்டுவன. எனினும், சாதாரண கிறிஸ்தவ இல்லமொன்றிலே நாள்தோறும் வாசிக்கப்படுவது தேம்பாவணி அன்று. ஒரு பக்கத்தில் அடங்கும் தியானக் குறிப்பு, பங்குப் பத்திரிகையின் முதற்பக்கச் சிந்தனை, வானொலியிலே காலை வேளையிற் சில நிமிடங்கள் ஒலிக்கும் நற்சிந்தனை ஆகியனவே அங்கு பயிலப்படும் உரைநடை. இவற்றை இலக்கியம் எனலாமா என்று கேட்பாருமுளர். ஒரு சமூகம் நெருக்கடியிலே தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொள்ளும் மொழி இவற்றிலேதான் பதிவாகின்றது என்பதால், அவ்வினாவை ஒத்திவைத்துவிட்டு இவ்வுரைகளை நோக்குதல் பயனுடையது.

இவ்வுரைகளின் அமைப்பு எளிதானது. முதலில் ஒரு நிகழ்ச்சி வரும்; அடுத்து வேத வசனம்; பின்னர் அவ்வசனத்தை வாழ்க்கையோடு பொருத்திக் காட்டும் ஒரு பந்தி; முடிவிலே சிறு செபம். இந்நான்கினுள் நலிந்தது பெரும்பாலும் முதலாவதே. அந்நிகழ்ச்சி மேலைநாட்டுப் போதகர் நூல்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டதாய், பனி பெய்யும் இரவையும் புகையிரதப் பாலத்துக் காவலாளியையும் பற்றியதாய் இருப்பதை யாவரும் அறிவர். திருக்கோவிற் கரையில் வலை இழுப்பவனுக்கும் வட்டைக்குப் போகமுடியாமற் போன வேளாண்மைக்காரனுக்கும் அப்பனியினால் ஆவதென்ன? ஆயினும் இக்குறையைப் பலர் முன்னரே சுட்டியுள்ளனர். நாமும் அதிலே நின்றுவிட விரும்பவில்லை. எமது கவனத்துக்குரியது மூன்றாவது பந்தி. அதிலும் குறிப்பாக ஒரு சொல். அது தன்மைப் பன்மைச் சொல்.

'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள வேற்றுமை தமிழின் தனிச் செல்வங்களுள் ஒன்று. முன்னே நிற்பவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது நாம். அவரை விலக்கி நிற்பது நாங்கள். ஆங்கிலத்துக்கு இவ்வேற்றுமை இல்லை. சிங்களத்தின் 'அபி'யும் இரண்டுக்கும் பொதுவானதே. எமது இலக்கண உரையாசிரியர்கள் இதனை மேலும் நுணுகி நோக்கினர். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை முன்னிலையாரை உளப்படுத்தல், படர்க்கையாரை உளப்படுத்தல், அவ்விருவரையும் ஒருங்கே உளப்படுத்தல் என மூவகைப்படும் என்பர். பேசுபவன் எதிரே நிற்பவரை மாத்திரமன்றி, அங்கில்லாதவரையும் தன் பன்மைக்குள்ளே கொண்டுவரலாம் என்பது இதன் கருத்து. இதனை வெறும் வாய்பாடாகப் படித்து மறந்தவர்களே நம்மிற் பலர். (ஈழத்து உரைநடையிலே 'நாம்' என்ற எழுவாயுடன் 'எமது' என்ற உருவம் தயக்கமின்றிக் கலந்து வருகின்றது. 'யாம்' என்பதன் வழிவந்த அவ்வுருவம் பழைய வழக்கின்படி முன்னிலையாரை விலக்குவதாகும். இக்கட்டுரையும் அக்கலப்பிலிருந்து தப்பவில்லை.)

கிறிஸ்தவ வழிபாட்டுத் தமிழில் இவ்வேற்றுமை தெளிவாகப் பேணப்பட்டுள்ளது. இயேசு கற்பித்த செபம் இறைவனை நோக்கியது. ஆதலின் கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் ஆகிய இரு சாராரும் அதிலே 'எங்கள்' என்றே வழங்குவர். திருக்குர்ஆனின் தோற்றுவாயைத் தமிழாக்கியோரிற் பெரும்பாலாரும் 'நாங்கள்' என்பதையே ஆண்டனர். இறைவனின் முன்னே நிற்கும் மனிதர் தம்முள் அவனை உளப்படுத்த இயலாதன்றோ? ஆனால் அச்செபத்தின் உணவு பற்றிய வேண்டுதலிலிருந்து தன் பெயரைப் பெற்றதும், அமெரிக்காவில் 1956 இல் தொடங்கி உலகெங்கும் பரவியதுமான தியான வெளியீடு தமிழில் 'நமது அனுதின மன்னா' எனப் பெயர் பெற்றது. செபத்திலே எங்களுடையதாக இருந்த அப்பம் தியானத்திலே நம்முடையதாகி விட்டது. மொழிபெயர்த்தவர் பிழை செய்யவில்லை. கேட்குநர் மாறிவிட்டார் என்பதே காரணம்: செபம் இறைவனோடு பேசுவது, சிந்தனை உரை வாசகனோடு பேசுவது. எனவே அன்றாடச் சிந்தனை உரையை மதிப்பிடுவோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, இந்த 'நாம்' யார் யாரை உளப்படுத்துகின்றது என்பதாகும்.

இக்கேள்வியை அட்டாளைச்சேனையிலிருந்து கேட்பதற்குத் தனிப் பொருத்தமுண்டு. கல்முனையிலிருந்து தெற்கே வருபவர் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை கடந்து அட்டாளைச்சேனையை அடைந்து, அப்பால் அக்கரைப்பற்றுக்குச் செல்வார். இவ்வொரே பாதையிலே முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கிறிஸ்தவர் தொகையால் மிகச் சிறுபான்மையினர். ஆனால் அவர்களது சபைகள் கட்டிய பள்ளிக்கூடங்களின் செல்வாக்கு அத்தொகைக்கு அடங்காதது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். முஸ்லிம் பிள்ளைகளும் இத்தகைய பாடசாலைகளிலே படித்துத்தான் வந்தனர். அட்டாளைச்சேனையில் கோயில் மணி கேட்பதில்லை. ஆயினும் கிறிஸ்தவ நற்சிந்தனை கேட்டது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு காலை வேளைகளிலே பல சமயத்தாரின் சிந்தனைகளையும் வழங்கி வந்தமையால், தேநீர்க் கடையில் ஆப்பம் வேகும் நேரத்தில், தொழுகை முடித்து வந்தவர்களும் அதனைச் செவிமடுத்தனர். பிரசங்க மேடையில் நிற்பவருக்கு முஸ்லிம் படர்க்கையார். வானொலி நிலையத்தில் அமர்ந்தவருக்கோ அவர் முன்னிலையார் ஆகிவிடுகின்றார். பேசியவர் இம்மாற்றத்தை உணர்ந்திருந்தாரா என்பதை அவரது பன்மைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

நெருக்கடிக் காலமும் தியான உரையும் சேர்ந்து வருவது புதிதன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1705 இல் கோவையிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். (இக்கோவை கொங்குநாட்டுக் கோவை அன்று, போர்த்துக்கேயரின் கோவா.) குருவானவர் இல்லாத ஊர்களிலே நம்பிக்கையைக் காத்தது எழுத்தே. அவர் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இன்றும் ஓதப்படுகின்றது. கேட்போரைத் துயருறும் தாயின் பக்கத்தில் நிறுத்துவது இவ்வகை உரையின் ஆற்றல். அதன் பலவீனமும் அங்கேயே உண்டு. இயேசுவின் பாடுகளைப் பாடிய பழைய மரபு உலகெங்கிலும் யூதர் என்ற ஒரு படர்க்கையாரை வேண்டி நின்றது. நாம் அழுவதற்கு அவர்கள் வேண்டியிருந்தனர். அப்பழியை யூத மக்கள் மேற் சுமத்தலாகாது என்று 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியபோது, அதே ஏட்டிலே முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகின்றது என்றும் எழுதிற்று. ஓர் இலக்கிய மரபு தன் படர்க்கையை மாற்றிக்கொள்ள எத்தனை நூற்றாண்டுகள் பிடிக்கின்றன!

தமிழ்நாட்டிலே மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறொரு வழி சென்றார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தின் நடுவே, கத்தோலிக்கராகிய அவர் 1878 இல் வெளியிட்ட கீர்த்தனைகளுக்குச் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்று பெயரிட்டார். எச்சமயத்தவரும் தமதாகப் பாடக்கூடிய தன்மைப் பன்மை ஒன்றினை அவர் தேடினார். பசிக்குச் சமய வேறுபாடு இல்லை என்பதை முனிசீப்பாக இருந்து கண்டவர் அவர்.

பேராசிரியர் க. கைலாசபதி (1933–1982) முதலியோர் வளர்த்த திறனாய்வு நெறியிலே நின்று நோக்குவோர், இத்தகைய பக்தியுரைகள் சமூகக் காரணங்களை மறைத்து அவற்றை ஆன்மீகச் சோதனையாக மாற்றிவிடுகின்றன என்பர். இக்குற்றச்சாட்டிலே பெரும் உண்மை உண்டு. எண்பதுகள், தொண்ணூறுகளின் சிந்தனை உரைகளிலே கொலை 'அசம்பாவிதம்' ஆயிற்று. இடப்பெயர்வு 'சூழ்நிலை' ஆயிற்று. செய்தவர் எவரும் இலர், எல்லாம் செயப்பாட்டு வினை. வீடு எரிந்தவனிடம் சிலுவையைச் சுமக்குமாறு கூறுவது எளிது. அச்சிலுவையைச் செய்த தச்சன் யார் என்று கேட்பது கடினம். ஆனால் பெயர் சொன்னவர் மறுநாள் உயிரோடிருப்பார் என்ற உறுதி எத்தரப்பிலும் இல்லாத காலம் அது. மௌனம் முழுவதையும் கோழைத்தனமெனத் தள்ளிவிடும் விமர்சகன் அக்கரையோரத்தில் வாழ்ந்தவனாக இருக்கமாட்டான்.

எமது கருத்து வேறுபடுவது இன்னோர் இடத்தில். மேற்கூறிய விமர்சனம் 'நாம் அனைவரும்' என்ற பரந்த பன்மையை முற்போக்கானதென்று ஏற்றுக்கொள்ளும். குறுகிய பன்மையையே கண்டிக்கும். பரந்த 'நாம்' எப்போதும் நேர்மையானதா? 'நாம் அனைவரும் பாவிகள்' என்பது கிறிஸ்தவ இறையியலில் ஒரு பொது உண்மை. ஆனால் ஒரு படுகொலைக்கு மறுநாட் காலையில் அதே வாக்கியம் வேறு பொருள் தருகின்றது: கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே எழுவாயில் அடக்கி, எவனும் பொறுப்பேற்க வேண்டாதபடி செய்துவிடுகின்றது. 2004 டிசம்பர் 26 இல், நத்தாருக்கு மறுநாள், கடல் ஊர்புகுந்து அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றபோது, நம் பாவத்தின் கூலி இது எனப் பேசியோர் எல்லாச் சமயங்களிலும் இருந்தனர். அவர்கள் 'நம்' என்றது மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் அள்ளுண்ட பாலகரையும் உளப்படுத்திற்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. துயரத்தை ஏற்பதற்கு நாம் வேண்டும். குற்றத்தை ஏற்பதற்கு நாங்கள் வேண்டும். தீங்குற்றவன் எதிரே நிற்கும்போது அவனைப் பழியிலிருந்து விலக்கி நிற்கும் சொல் அது ஒன்றே.

இதற்கு யாம் அறிந்த மிகச் சிறந்த சான்று தமிழில் எழுதப்பட்டதன்று. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் தமது மறைமாவட்டத்துக்கு ஆற்றிய இறுதி ஆயருரையிலே, சிங்களவராகிய தம் இனத்தவர் நாணவும் தார்மீகப் பொறுப்பேற்கவும் தமிழரிடம் மன்னிப்புக் கோரவும் வேண்டும் என்றார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அவர் காலமானார். அவர் கையாண்ட தன்மைப் பன்மைக்குத் தமிழாக்கஞ் செய்வோர் 'நாம்' என்று எழுதுவாராயின் அது அறவே தவறாகும். கைகளில் இரத்தம் படியாத அவ்வாயர் தம்மைக் குற்றவாளிகளோடு உளப்படுத்தினார். தமிழரை அப்பன்மையிலிருந்து விலக்கினார். அவ்விலக்கலே மரியாதை. அவரது மொழி அவ்வேற்றுமையைக் காட்ட இயலாததாயினும் அவரது பொருள் காட்டிற்று. வேற்றுமையைக் காட்டவல்ல மொழியை உடைய நம்மிடையே அத்தகைய உரைகள் அருகிக் காணப்படுவதேன்?

1990 ஆம் ஆண்டு இக்கேள்விக்குரிய ஆண்டு. ஆகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுது கொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதே மாதம் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்புத் திருநாளன்று, புனித மிக்கேல் கல்லூரியிற் கூடைப்பந்து பயிற்றி மாணவர் பலரின் அன்பைப் பெற்ற அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிலே, தம்முடன் சென்ற இளைஞரோடு காணாமற்போனார். செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவில்லை. ஒக்டோபரிலே வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். ஒவ்வொரு சமூகத்தின் துயரக் குறிப்பும் இவற்றுட் சிலவற்றைச் சொல்லி ஏனையவற்றை விடும். எங்கே ஒரு பட்டியல் தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பதைக் கொண்டே அதனை எழுதியவரின் 'நாம்' எதுவென்று கண்டுவிடலாம்.

அக்காலத்துக் கிழக்கிலங்கையின் மிகச் சிறந்த கிறிஸ்தவ எழுத்து எதுவென எம்மை வினவினால், தியான உரை எதனையும் நாம் சுட்டமாட்டோம். 1948 இல் மட்டக்களப்புக்கு வந்து, 2019 ஜனவரியிற் காலமாகும்வரை அந்நகரையே தம் ஊராகக் கொண்டவரும் அமெரிக்கருமான ஹரி மில்லர் அடிகள், மட்டக்களப்புச் சமாதானக் குழுவினரோடு சேர்ந்து காணாமற்போனோரைப் பற்றித் திரட்டிய பதிவுகளையே சுட்டுவோம். தாய்மார் வந்து சொல்ல, ஆள் யார், எங்கிருந்து, எந்நாளில் என எழுதி வைக்கும் முயற்சி அது. அங்கே வசனமில்லை, பயன் கூறும் பந்தியில்லை, நாமும் இல்லை நாங்களும் இல்லை. படர்க்கைப் பெயர்கள் மாத்திரமே உள்ளன. பெயரை எழுதிவைத்தலே உளப்படுத்தல் ஆகின்றது. நாள்தோறும் நிகழ்ந்தமையால் அதுவும் அன்றாடச் சிந்தனையே என்று வாதிடலாம்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, நிலைமையைத் தலைகீழாக்கிற்று. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டிய, மட்டக்களப்புச் சீயோன் ஆகிய தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் 250 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் இறந்தோருள் ஞாயிறு பாடசாலைச் சிறுவர் பலர். ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தோர் தம் குழந்தைகளுடன் வெடித்துச் சிதறினர். அவ்விடத்துக்குப் படையினரைக் கொண்டுவந்தது முஸ்லிம் ஊரவர் கொடுத்த தகவலே. கோயில்களிலே திருப்பலி நிறுத்தப்பட்டு, அடுத்த ஞாயிறு அது தொலைக்காட்சியிலே நடைபெற்றது. எம் ஊரவரிற் சிலர் அத்திருப்பலியை அன்று முதன்முதலாகப் பார்த்தனர். கொலையாளிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. தாம் செய்யாத குற்றத்துக்கு முஸ்லிம்கள் 'நாங்கள்' என்று பேசத் தொடங்கியிருந்த அவ்வாரங்களிலே, பழிவாங்குதல் கூடாதென்ற வேண்டுகோள் ஆயர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தது. அது காத்த உயிர்கள் பல. எனினும் மே நடுப்பகுதியில் வடமேற்கில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

அக்காலத்துச் சிந்தனை உரைகளிலே மன்னிப்பு என்ற சொல் மிகுதியாகப் பயின்றது. மன்னிப்பைப் பற்றி ஒரு முஸ்லிம் வாசகனுக்கு எழும் சங்கடத்தை இங்கு சொல்லித்தான் ஆகவேண்டும். 'நாம் அவர்களை மன்னிப்போம்' என்னும் வாக்கியத்தில் 'அவர்கள்' என்பார் குண்டு கொண்டு சென்ற சிலரா, கடைத்தெருவில் நிற்கும் இவனுமா? வாக்கியம் அதனைத் தெளிவாக்காவிடின், மன்னிப்பே ஒரு குற்றச்சாட்டாகிவிடும். இவ்விடத்தில் வேதாகமத் தமிழே உதவிக்கு வருகின்றது. நல்ல சமாரியன் கதைக்கு முன்னுரையாக நிற்கும் கேள்வியில், புரட்டஸ்தாந்தரின் பழைய மொழிபெயர்ப்பு 'பிறன்' என்ற சொல்லை ஆள்கின்றது. 1995 இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்கின்றது. பின்னையது எளிமையுடையது, எம் கரையோரத்துக்கு மிகப் பொருத்தமும் உடையது. இங்கே அடுத்திருப்பது எப்போதும் மற்றவரின் ஊரே. ஆயினும் 'பிறன்' என்ற பழஞ்சொல்லின் கூர்மை அதற்கில்லை. பிறன் என்பவன் இலக்கணப்படி படர்க்கையான். அவன் அருகில் இருக்கவேண்டுமென்பதில்லை, நம்மவனாக இருக்கவேண்டுமென்பதுமில்லை. சிந்தனை உரை எழுதுவோர் அச்சொல்லைக் கைவிட்டமை இழப்பென்றே கருதுகின்றோம்.

கொரோனாவால் இறந்தோரை எரித்தேயாக வேண்டுமென்ற ஆணை 2020 இல் வந்தபோது நிலைமை மேலும் தெளிந்தது. அடக்கம் மறுக்கப்பட்டது முஸ்லிம்களுக்கு மாத்திரமன்று, கிறிஸ்தவருக்குமே. பொரளை மயான வேலியிலே வெள்ளைத் துணிகளைக் கட்டியோருள் பல சமயத்தாரும் இருந்தனர். 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரிலே அடக்கம் தொடங்கியபின், அந்நிலத்தில் முஸ்லிம்களோடு வேறு சமயத்தார் சிலரும் புதைக்கப்பட்டனர். அப்புதைகுழிகளைப் பொருளாகக் கொண்ட ஒரு தியான உரையை வாசிக்க ஆவலாயுள்ளோம்.

இறுதியாக, பிறர் எழுத்தை அளந்த கோலை எம்மவர் பேச்சுக்கும் பிடித்துப் பார்த்தல் முறை. ஜும்ஆ உரையும் ஓர் அன்றாடச் சிந்தனையே. அதிலும் நிகழ்ச்சி, வசனம், பயன், பிரார்த்தனை என்ற அமைப்பே உண்டு. காத்தான்குடியைப் பற்றி அதிலே பலமுறை கேட்டுள்ளோம்; கேட்டு அழுதுமுள்ளோம். சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில், 1990 ஆகஸ்ட் 12 ஆம் நாள் கோயிலிலே தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவற் படையினருக்குப் பங்கிருந்ததென உயிர்தப்பியோர் கூறுவர். அட்டாளைச்சேனையிலிருந்து வீரமுனைக்குச் செல்ல ஒரு மணித்தியாலம் போதும். அவ்வூரைப் பற்றி 'நாங்கள்' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றை எந்த மிம்பரிலிருந்தும் நாம் இதுவரை கேட்டதில்லை.